கேம் அலமாரிக்கு எந்த மென்பொருள்? ஒரு நூலகக்காரியின் யோசனைகள்

"மேடம், கேம் கலெக்‌ஷனை லிஸ்ட் போட்டு வைக்க எந்த ஆப் நல்லா இருக்கும்?" என்று எங்கள் கல்லூரி மாணவர்கள் அவ்வப்போது கேட்பார்கள். வேலை நூலகத்தில்; வீட்டில் சோனி பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) காலத்திலிருந்து சேர்ந்த வட்டுகளும் கேட்ரிட்ஜ்களும். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: "லிஸ்ட் எதுக்குப்பா? விளையாடினதை ஞாபகம் வச்சுக்கவா, கையில இருக்கிறதை ஞாபகம் வச்சுக்கவா?"

பெரும்பாலும் "ரெண்டுக்கும்தான்" என்பார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் எழுதப்பட்ட மென்பொருள்கள் அடிப்படையிலேயே வேறு வேறு.

ஜிடிஏ: சான் ஆண்ட்ரியஸை எடுத்துக்கொள்வோம். 2004-இல் பிஎஸ்2-க்கு வந்தது. கேம் என்று பார்த்தால் ஒன்று. அலமாரியில் பார்த்தால் அப்படி இல்லை. அமெரிக்க வட்டில் எஸ்எல்யூஎஸ்-20946 என்று எண் இருக்கும். ஐரோப்பிய வட்டில் எஸ்எல்இஎஸ்-52541. 2005-இல் 'ஹாட் காஃபி' விவகாரம் வெடித்தது. வட்டுக்குள் ஒளிந்து கிடந்த ஒரு பகுதி வெளியே தெரிந்ததும், அமெரிக்கத் தர அமைப்பான இஎஸ்ஆர்பி அந்த ஜூலையில் 'எம்' முத்திரையை எடுத்துவிட்டு, வயதுவந்தோருக்கு மட்டும் என்கிற 'ஏஓ' முத்திரையைக் கொடுத்தது. பிறகு அந்தப் பகுதியை நீக்கிய பதிப்பு வந்தது. மலிவு விலைப் பதிப்புகள் அமெரிக்காவில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' அட்டையோடும், ஐரோப்பாவில் 'பிளாட்டினம்' அட்டையோடும் வந்தன. பெட்டிக்குள் சுற்றுலாக் கையேடு மாதிரி ஒரு புத்தகமும், விரித்தால் சுவரில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு வரைபடமும் இருக்க வேண்டும். உங்களிடம் உள்ள பிரதியில் அந்த வரைபடம் இருக்கிறதா? வட்டில் கீறல் உண்டா? அட்டை மாற்றப்பட்டதா?

நூலகத்தில் இதைப் படைப்பு, பதிப்பு, பிரதி என்று மூன்றாகப் பிரிப்போம். விளையாடியதை நினைவில் வைக்கிற மென்பொருளுக்குப் படைப்பு போதும். சேகரிப்பவருக்குப் பதிப்பும் பிரதியும் வேண்டும். இந்த ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி மென்பொருள்களைத் தொடாமலேயே கழித்துவிடலாம்.

பேக்லாக்டு, குரூவீ போன்ற தளங்கள் படைப்பைத்தான் எண்ணுகின்றன. எதை முடித்தேன், எதைப் பாதியில் விட்டேன், எத்தனை நட்சத்திரம் கொடுத்தேன் என்பதெல்லாம் அழகாக நிற்கும். ஒரு கேம் முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்க்க ஹவ் லாங் டு பீட் தளம் உண்டு. நல்ல தளங்கள். ஆனால் "என் வட்டின் பின்பக்கம் மோதிரம் போல ஒரு கீறல்" என்று எழுதி வைக்க அவை கட்டப்படவில்லை. தம்பி பேக்லாக்டில்தான் இருக்கிறான். அவனுக்கு அது போதும், ஏனென்றால் அவன் விளையாடுகிறான். அலமாரியைத் துடைப்பது நான்.

அடுத்தது பிளேநைட், ஜிஓஜி கேலக்ஸி, லாஞ்ச்பாக்ஸ் மாதிரி கணினியில் கேம்களை ஒரே இடத்திலிருந்து திறக்க உதவுபவை. இதில் பிளேநைட் எனக்குப் பிடிக்கும். விண்டோஸில் ஓடும், திறமூல மென்பொருள், காசு கிடையாது. ஸ்டீம், ஜிஓஜி, எபிக் என்ற இணையக் கேம் கடைகள் எல்லாவற்றிலும் நீங்கள் வாங்கிக் குவித்ததை ஒரே பட்டியலாக இழுத்து வந்துவிடும். பட்டியல் உங்கள் கணினியிலேயே இருக்கும். வட்டில் உள்ள கேமையும் கையால் சேர்க்கலாம். ஆனால் ஒரே கேமின் இரண்டு பிரதிகளை வேறுபடுத்தி, பெட்டி எப்படி, கையேடு எப்படி என்று தனித்தனியாகக் குறிக்க அதில் இயல்பான இடம் இல்லை. டேக், குறிப்பு என்று ஒட்டுப்போட வேண்டும். டிஜிட்டலாக மட்டும் வாங்குபவர் என்றால் பிளேநைட்டை நிறுவிவிட்டு இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

வட்டும் பெட்டியும் சேர்ப்பவர்களுக்கென்றே வந்தவை சிஎல்இசட் கேம்ஸ், கேம்ஐ, பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் உள்ள சேகரிப்புப் பகுதி. முதல் இரண்டும் போனில் ஓடுபவை, பார்கோடைக் காட்டினால் கேமை அடையாளம் காண்பவை. சிஎல்இசட் சந்தா கட்டி வாங்குவது. போனுக்கு ஒரு சந்தா, உலாவியில் பார்க்கும் வலைப் பதிப்புக்குத் தனிச் சந்தா. வாங்கும்போது இதைக் கவனியுங்கள். ஒன்றை வாங்கினால் இன்னொன்று சேர்ந்து வரும் என்று நினைப்பவர்கள் நிறைய.

இன்னொரு பக்கம், கேமுக்கு என்று மட்டும் இல்லாமல் எதையும் பட்டியலிடும் திறமூல மென்பொருள்கள்: டெல்லிகோ, ஜிசிஸ்டார், டேட்டா குரோ. லினக்ஸில் கேடிஇ குடும்பத்தைச் சேர்ந்த டெல்லிகோவில் வீடியோ கேமுக்கென்றே ஒரு வார்ப்பு (டெம்ப்ளேட்) தயாராக இருக்கிறது. அதில் நமக்கு வேண்டிய புலங்களை, அதாவது விவரம் எழுதும் கட்டங்களை, நாமே சேர்க்கலாம். யாருக்கு இரவல் கொடுத்தோம் என்று குறிக்கும் வசதியும் உண்டு. இரவல் பதிவு இல்லாத பட்டியலை என்னால் பட்டியலாகவே ஏற்க முடியாது. அது தொழில் புத்தி. பொங்கலுக்கு வந்த அத்தை பையன் எடுத்துப் போன பிஎஸ்பி டிஸ்க் எங்கே என்று அடுத்த பொங்கலுக்குத்தானே கேட்கப் போகிறோம்.

எங்கள் நூலகத்தில் ஓடுவது கோஹா என்ற நூலக மென்பொருள். அதையே வீட்டுக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடலாம், தயிர்சாதம் கொண்டுபோக லாரி பிடிப்பது மாதிரி.

சரி, இத்தனையில் எதை எடுப்பது? விளம்பரப் பக்கத்தில் உள்ள வசதிப் பட்டியலைப் படித்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் அலமாரியிலிருந்து கஷ்டமான பிரதிகளாகப் பொறுக்கி எடுத்துச் சோதியுங்கள். சுலபமானதை எல்லா மென்பொருளும் கண்டுபிடித்துவிடும். பிஎஸ்4 'காட் ஆஃப் வார்' பெட்டியைக் காட்டினால் தெரியாது என்று சொல்லும் ஆப் கிடையாது.

நான் எடுத்து வைக்கும் கஷ்டங்களில் முதலாவது 'ஹனுமான்: பாய் வாரியர்'. 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்து, சோனி வெளியிட்டது. இந்தியாவுக்கென்றே வந்த பிஎஸ்2 கேம். பார்கோடு மூலமும் தேடுங்கள், பெயர் மூலமும் தேடுங்கள். கிடைத்தால் ஆண்டும் தயாரித்தவர் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அதுவே தோல்வி இல்லை. நாமாகப் புதுப் பதிவு போட விடுகிறதா, அந்தப் பதிவில் அட்டைப் படத்தை நாமே எடுத்துச் சேர்க்க முடிகிறதா என்பதுதான் சோதனை. 'தேசி அட்டா', 'டான் 2: தி கேம்' என்று நம் ஊருக்காக வந்த இன்னும் சில பிஎஸ்2 கேம்களையும் இப்படியே பார்க்கலாம்.

இதைவிடக் கடினம் நம் குழந்தைப் பருவத்து டிவி கேம் கேட்ரிட்ஜ்கள். "9999999 இன் 1" என்று மஞ்சள் நிறத்தில் வந்தவை. எந்தத் தரவுத்தளத்திலும் அதே அட்டைப் படத்தோடு கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அலமாரியில் இருக்கிறது அல்லவா? அதை எழுதி வைக்க இடம் தராத மென்பொருள் நம் ஊர் சேகரிப்புக்குச் சரிப்படாது. சில ஆப்களில் தரவுத்தளத்தில் இருப்பதை மட்டும் டிக் அடிக்கலாம். இல்லாததைச் சேர்க்க "கோரிக்கை அனுப்புங்கள்" என்று சொல்லும். அதோடு அந்த ஆப்பை மூடிவிடலாம்.

மூன்றாவது, 2007-இல் வந்த 'தி ஆரஞ்சு பாக்ஸ்'. ஒரே பெட்டியில் ஹாஃப்-லைஃப் 2, அதன் இரண்டு எபிசோடுகள், போர்ட்டல், டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்று ஐந்து கேம்கள். மென்பொருள் இதை ஒரு பதிவாக வைக்கிறதா, ஐந்தாகவா? சேகரிப்பவருக்கு ஒரு பதிவு வேண்டும், ஏனென்றால் அலமாரியில் ஒரு பெட்டிதான். ஆனால் "போர்ட்டல்" என்று தேடினாலும் இந்தப் பெட்டி வந்து நிற்க வேண்டும். குறிப்புப் புலத்தில் எழுதியதையும் சேர்த்துத் தேடும் மென்பொருள் என்றால் தப்பித்தோம்.

நான்காவது, பெட்டியே இல்லாத கேட்ரிட்ஜ். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பொருள் சேர்ப்பவர்களுக்குப் பார்கோடு என்பது பாதி நேரம் உதவாது. பெட்டியில்தானே பார்கோடு, பெட்டி போய்விட்டதே. நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்த 'போகிமான் எமரால்டு' கேட்ரிட்ஜ் ஒன்றைக் கையில் எடுங்கள். லேபிளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஏஜிபி-பிபிஇஇ-யூஎஸ்ஏ என்று இருக்கும். ஏஜிபி என்றால் கேம் பாய் அட்வான்ஸ், நடுவில் உள்ளது அந்தக் கேமின் குறியீடு, கடைசியில் நாடு. கேட்ரிட்ஜுக்கு இந்த எண்தான் ஆதார் மாதிரி. ஆகவே இதைத் தட்டித் தேட முடிகிறதா, குறைந்தபட்சம் எழுதி வைக்கத் தனிப் புலம் உண்டா என்று பாருங்கள். வட்டுகளிலும் அப்படியே: எஸ்எல்யூஎஸ் என்றால் அமெரிக்கா, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ், எஸ்எல்பிஎம் என்றால் ஜப்பான். பிஎஸ்3-இல் பிஎல்இஎஸ், பிஎல்யூஎஸ் என்று வரும். பிஎஸ்4 வட்டுகளில் சியூஎஸ்ஏ, பிஎஸ்5-இல் பிபிஎஸ்ஏ.

எமரால்டை எடுத்ததற்கு இன்னொரு காரணம், அதில் போலிகள் ஏராளம். அசல் கேட்ரிட்ஜின் லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் மெல்லத் தெரியும். கீழே தங்க நிறத் தொடுப்புகளுக்கு மேலே பலகையில் நிண்டெண்டோ என்று அச்சாகியிருக்கும். இதையெல்லாம் பார்த்து நீங்கள் எடுத்த முடிவை எழுத ஒரு புலம் வேண்டும்: அசல், நகல், சந்தேகம். இந்தப் புலம் தயாராக வரும் மென்பொருளை நான் பார்த்ததில்லை. நாமே புலம் சேர்க்க விடும் மென்பொருளைத் தேடச் சொல்வது இதனால்தான். கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் பேட்டரிக்கும் ஒரு புலம் போட்டு வைத்தால் நல்லது. எமரால்டில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் நிற்கும். சேமித்த ஆட்டம் போகாது. பழைய கேம் பாய் கலர் காலத்து கோல்டு, சில்வரில் பேட்டரியோடு சேமிப்பும் போய்விடும். எதில் எப்போது மாற்றினோம் என்று தெரிந்தால்தான் அடுத்து எப்போது என்று தெரியும்.

இப்போது பார்கோடு. அமெரிக்கப் பெட்டிகளில் 12 இலக்கம், மற்ற இடங்களில் பெரும்பாலும் 13. அந்த 12-க்கு முன்னால் ஒரு சுழியம் போட்டால் அதே எண்ணின் 13 இலக்க வடிவம் கிடைக்கும். சோனியின் பல பெட்டிகளில் 711719 என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கலாம். ஐரோப்பிய அட்டையில் அதே எண் 0711719 என்று தொடங்கும். சில ஆப்கள் இந்தச் சுழியத்தைப் புரிந்துகொள்ளாமல் "கிடைக்கவில்லை" என்று கைவிரித்துவிடும். அப்போது சுழியத்தைச் சேர்த்தோ எடுத்தோ கையால் தட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்தவை 45 அல்லது 49-இல் தொடங்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பார்கோடு பெட்டிக்கு உரியது. கடைக்காரர் ஒரு பெட்டியில் வேறு பதிப்பின் வட்டைப் போட்டு விற்றிருந்தால் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்? பழைய பொருள் என்றால் பெட்டியைத் திறந்து, வட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பதிவு போடுங்கள்.

நாடு எது என்று எழுதுவதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. பிஎஸ்2, 3டிஎஸ் எல்லாம் பூட்டுப் போட்ட கருவிகள். ஒரு பிராந்தியத்தின் கேம் இன்னொரு பிராந்தியக் கருவியில் ஓடாது. பிஎஸ்4-இல் வட்டு ஓடிவிடும். ஆனால் கூடுதலாக வாங்கி இறக்கும் பகுதிகளான டிஎல்சி அந்த வட்டின் பிராந்தியத்தோடு பொருந்த வேண்டும். சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்த அமெரிக்க வட்டுக்கு இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கிவிட்டுக் கையைப் பிசைய வேண்டாம் என்றால் இந்தப் புலம் வேண்டும்.

ரிட்சி ஸ்ட்ரீட் என்றதும் இன்னொரு சோதனை. அந்தச் சந்துக்குள் ஒரு கடையில் நின்று, பெட்டியில் குவித்து வைத்த வட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். "அக்கா, இது உங்ககிட்ட இருக்கும்னு நினைக்கிறேன், பார்த்துக்கோங்க" என்கிறார் கடைத் தம்பி. போனை எடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இணையம் இல்லாமல் பட்டியல் திறக்க வேண்டும். இது ஆடம்பரம் அல்ல, அடிப்படை. வீட்டிலேயே போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, ஆப்பை முழுதாக மூடி, மறுபடி திறந்து, ஒரு கேமைத் தேடிப் பாருங்கள். அட்டைப் படம் வராவிட்டால் பரவாயில்லை. பெயர், கருவி, நாடு, நிலை இந்த நான்கும் வந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடும் சோதனை வெளியேறும் வழி. உள்ளே போட எல்லா மென்பொருளும் வாசலைத் திறந்து வைத்திருக்கும். போட்டதை எடுக்க வழி இருக்கிறதா? மேக் கணினியில் 'டெலிஷியஸ் லைப்ரரி' என்று ஒன்று இருந்தது. 2004-இல் வந்தது, மர அலமாரி போல அழகான திரை, கேமராவில் பார்கோடு காட்டினால் பொருள் வந்து அமரும். அமேசானிலிருந்து விவரங்களை எடுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டதும் 2024-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். தரவுத்தளங்களும் கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. 1999-இல் ஆர்வலர்கள் தொடங்கிய மோபிகேம்ஸ் இப்போது அட்டாரியிடம், 2022 முதல். பல ஆப்களும் தளங்களும் விவரம் எடுக்கும் ஐஜிடிபி 2019 முதல் ட்விட்ச் கையில். இதில் யார் மேலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பட்டியல் அவர்கள் வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஆப்பை நிறுவியதும் பத்துப் பதிவு போட்டு, உடனே சிஎஸ்வி கோப்பாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) ஏற்றுமதி செய்து பாருங்கள். அதில் ஒரு பதிவில் வேண்டுமென்றே ஒரு வில்லங்கமான குறிப்பு எழுதுங்கள். நான் எழுதுவது இது: கையேட்டில் "பிறந்தநாள் பரிசு, 2006" என்று பேனாவில் எழுதியிருக்கிறது. இதில் தமிழ் இருக்கிறது, மேற்கோள்குறி இருக்கிறது, காற்புள்ளி இருக்கிறது. ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்தால் இந்த வரி அப்படியே ஒரே கட்டத்துக்குள் இருக்க வேண்டும். காற்புள்ளியில் உடைந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருந்தால் அந்த மென்பொருள் சரியாக எழுதப்படவில்லை. தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் தமிழ் தொலைந்தே போய்விட்டது.

ஆனால் புரியாத குப்பை எழுத்துகள் வந்தால் அவசரப்பட வேண்டாம். பழி எக்செல் மேலும் இருக்கலாம். யூடிஎஃப்-8 என்பது தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கம்; அதில் உள்ள கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் சில சமயம் வேறு குறியாக்கம் என்று நினைத்துவிடும். தரவு மெனு வழியாக இறக்குமதி செய்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ் திரும்பி வரும். அதே இறக்குமதித் திரையில் பார்கோடு பத்தியை "உரை" என்று குறித்துவிடுங்கள். எண் என்று விட்டால் முன்னால் உள்ள சுழியம் பறந்துவிடும். 12 இலக்க எண் 7.11719 என்று தொடங்கி நடுவில் ஒரு கூட்டல்குறியோடு சுருங்கி நிற்கும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் சிஎஸ்வி கோப்பில் அந்தச் சுருங்கிய வடிவமே பதிந்துவிடும், பார்கோடு போனது போனதுதான். லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் கோப்பைத் திறக்கும்போதே ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று கேட்கும். எனக்கு அதுதான் வசதி.

ஏற்றுமதியில் இன்னொன்றும் பாருங்கள். நீங்களாகச் சேர்த்த புலங்கள், நீங்கள் எடுத்த படங்கள், இரவல் விவரம் எல்லாம் வெளியே வருகின்றனவா? சில மென்பொருள்கள் கேம் பெயரையும் கருவியையும் மட்டும் கொடுத்துவிட்டு "ஏற்றுமதி முடிந்தது" என்று சொல்லும். அது யாரிடமும் இருக்கிற தகவல். உங்கள் உழைப்பு மற்ற புலங்களில்தான் இருக்கிறது.

விலை காட்டும் வசதியைப் பற்றி மாணவர்கள்தான் ஆவலோடு கேட்பார்கள். பிரைஸ்சார்ட்டிங் தளம் ஒவ்வொரு கேமுக்கும் வட்டு மட்டும், பெட்டி கையேட்டோடு முழுமையாக, பிரிக்காத புதியது என்று தனித்தனி விலை தருகிறது. அந்த விலைகள் இபே போன்ற இடங்களில் உண்மையில் விற்று முடிந்ததிலிருந்து வருபவை. வெறும் கேட்பு விலை இல்லை. ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்புகளுக்குத் தனி வரிசையும் உண்டு. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றி "என் அலமாரி மதிப்பு இவ்வளவு" என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை, அந்த விலைக்கு இங்கே வாங்க ஆள் வேண்டுமே. எந்த ஊரில், எந்த ஆண்டு, எத்தனை ரூபாய்க்கு வாங்கினேன் என்று நானே எழுதுவதைத்தான் நம்புகிறேன்.

புலங்கள் பற்றிப் பேசினோம். இரண்டு மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று, வரிசைப் பெயர். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' டி வரிசையில் போய் உட்காரும். 'ஃபைனல் ஃபேண்டஸி' தொடரில் ரோமன் எண்கள் அகரவரிசைப்படி நின்று, ஒன்பதாவது கேம் ஐந்தாவதுக்கு முன்னால் வந்துவிடும். பிளேநைட்டில் இதற்கென்றே தனிப் புலம் உண்டு. மற்றவற்றில் இல்லாவிட்டால் நீங்களே ஒரு புலம் போட்டு அங்கே 'ஃபைனல் ஃபேண்டஸி 09' என்று எழுதுங்கள்.

மற்றது சேர்ப்பு எண். நூலகத்தில் புத்தகம் உள்ளே வந்த வரிசையில் ஓர் எண் கொடுப்போம். அந்த எண் வேறு எதற்கும் திரும்ப வராது. வீட்டிலும் அப்படியே ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டே இருங்கள். கருவி வாரியாக, நாடு வாரியாக என்று எண்ணுக்குள் அர்த்தம் திணிக்க வேண்டாம். மென்பொருள் மாறினாலும் இந்த எண் மாறாது. எடுத்த படங்களுக்கும் இதே எண்ணைக் கோப்புப் பெயராக வைத்துவிட்டால் எந்த மென்பொருளும் இல்லாமலே படத்தையும் பதிவையும் சேர்த்துவிடலாம். எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். நூலகத்தில் குறிப்பிட்ட பக்கத்தில் ரகசிய முத்திரை குத்தும் பழக்கம் உண்டு. கை அரிக்கும், கையேட்டில் குத்திவிடாதீர்கள்.

என் சொந்த ஏற்பாட்டைக் கேட்டால்: மூலப் பதிவு டெல்லிகோவில், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு. மாதம் பிறந்தால் ஒரு சிஎஸ்வி, பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும். அந்த சிஎஸ்வியை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, போனில் இணையமில்லாமலும் திறக்கும்படி வைத்திருக்கிறேன். கடைக்குப் போகும்போது பார்ப்பது அதைத்தான். லினக்ஸ் பக்கம் போக விருப்பமில்லாதவர்களுக்கு, முந்நூறு பெட்டிக்குள் என்றால் வெறும் ஷீட்ஸே போதும் என்பேன். வட்டு அதிகம், போனிலேயே எல்லாம் முடிய வேண்டும், சந்தா கட்டுவதில் தயக்கமில்லை என்றால் சிஎல்இசட். காசு கட்டும் முன் இலவசச் சோதனைக் காலத்தில் மேலே சொன்ன கஷ்டமான பிரதிகளையும் அந்த வில்லங்கமான குறிப்பையும் போட்டுப் பாருங்கள்.

புதிதாக வருபவற்றில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவியில் 'கேம்-கீ கார்டு' என்று ஒரு வகை. கேட்ரிட்ஜ் போலவே இருக்கும், ஆனால் உள்ளே கேம் கிடையாது, சாவி மட்டும். கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், விளையாடும்போது கார்டும் செருகியிருக்க வேண்டும். பெட்டிக்குள் வெறும் குறியீட்டுச் சீட்டு மட்டும் வைத்து விற்பதும் முன்பிருந்தே உண்டு. "கேம் எங்கே இருக்கிறது" என்று ஒரு புலம் போட்டு, வட்டில், கார்டில், சாவி மட்டும், குறியீடு, டிஜிட்டல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் என்றால் எந்தக் கடை, எந்தக் கணக்கு என்பதும் வேண்டும். ஸ்டீமே 2024 முதல் பணம் கட்டும் பக்கத்தில், நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்று எழுதிக் காட்டுகிறது.

பதிவு போடும் வேகத்தைப் பற்றி: ஒரு தட்டு, ஒரு மாலை. மொத்த அலமாரியையும் தரையில் இறக்கிவிட்டு ஆரம்பித்தால் இரவு படுக்க இடம் இருக்காது, அம்மா கத்துவார்கள். முதல் தட்டு முடிந்ததும் ஏற்றுமதி செய்து பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். புலம் மாற்ற வேண்டும் என்றால் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், விற்ற பிரதியின் பதிவை அழிக்காதீர்கள். பெரும்பாலான ஆப்களில் நீக்கு பொத்தான் ஒன்றுதான் கண்ணில் படும். சிஎல்இசட்டில் சேகரிப்பு நிலை என்று தனிப் புலம் இருக்கிறது, அதில் விற்றது என்று மாற்றலாம். டெல்லிகோவிலும் ஷீட்ஸிலும் நீங்களே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். விற்ற ஆண்டு, கிடைத்த ரூபாய், யாரிடம் போனது, அந்தச் சேர்ப்பு எண், இவை இருந்தால் போதும். அதே கேமின் வேறு பிரதி பின்னால் வந்தால் அதற்குப் புது எண்.